ஒரே பெட்டியா, தனித்தனிப் பெட்டியா?

சாம்பார்ப் பொடியைப் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு போகிறவர்களும் நம் கடைக்கு வருகிறார்கள். மல்லி ஒரு கிலோ, வத்தல் அரைக் கிலோ, துவரம்பருப்பு, வெந்தயம், பெருங்காயம் என்று சிட்டை எழுதிவந்து, தனித்தனியாக வாங்கி, வறுத்து அரைத்துக்கொள்கிறவர்களும் வருகிறார்கள். முதலாமவருக்கு நேரம் மிச்சம். இரண்டாமவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். இருவருக்கும் சரக்குக் கொடுப்பவர்கள் நாம் என்பதால், யார் செய்வது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்வதில்லை.

பாட்டுக் கேட்கும் கருவிகளிலும் இதே வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. ரேடியோ, டேப், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக அடங்கிய மியூசிக் சிஸ்டம் ஒரு பக்கம். ஆம்ப்ளிபயர் தனி, டெக் தனி, ரிகார்டு பிளேயர் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் ஹை-பை இன்னொரு பக்கம்.

வியாபாரிகளின் இதழில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இந்த இரண்டு வகையையும் காசு போட்டு வாங்கி, ஓட்டி, தேய்த்துப் பார்த்தவர்களில் பெரும்பகுதி வியாபாரிகள்தான். டீக்கடை, ஓட்டல், லாட்ஜ், ஜவுளிக்கடை, மைக்செட் கடை, கேசட் கடை என்று பட்டியல் நீளும். இன்றைக்கும் சீசன் கடைக்கும் கடைத் திறப்பு விழாவுக்கும் என்ன செட் வாங்குவது என்று யோசிக்கிறவர்கள் நம்மில் உண்டு. ஐயாயிரம், பத்தாயிரம் போடுகிற இடத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு போடுவது நல்லதுதானே.

வால்வு ரேடியோ காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிலிப்ஸ், மர்பி, புஷ் என்ற பெயர்கள் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் எடுத்து ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கடையில் வைத்தால் அதற்கு வணிக உரிமம் தனி. 1980களில்தான் இந்தத் தொல்லை ஒழிந்தது. அந்தக் காலத்து 'ரேடியோகிராம்' என்பதே முதல் 'எல்லாம் ஒன்றில்' பெட்டி. ரேடியோவும் இசைத்தட்டுச் சுழற்றியும் ஒரு மர அலமாரிக்குள் இருக்கும். கால் முளைத்த பீரோ போன்ற அதை நம் ஊர்களில் பண்ணையார் வீட்டிலோ எஸ்டேட் முதலாளி வீட்டிலோதான் பார்க்க முடியும். இலங்கை வானொலியையும் திருநெல்வேலி வானொலியையும் டீக்கடையில் நின்று கேட்ட பெரும்பாலோருக்கு அது வெறும் வேடிக்கைப் பொருள்.

மைக்செட்காரர் வாங்கிய ஹை-பை

ஹை-பை வரலாறு எழுதுகிற மேல்நாட்டார் சில ஆண்டுகளைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். 1947ல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிபயர் வரைபடம், 1948ல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. இசைத்தட்டு, 1958 வாக்கில் கடைக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டு ஆகியவை அவை. அங்கே தனித்தனிப் பெட்டி என்பது வசதி உள்ளவரின் பொழுதுபோக்காக வளர்ந்தது. நம் பக்கத்துக் கதை வேறு. இங்கே ஆம்ப்ளிபயரைத் தனியாகவும் ஸ்பீக்கரைத் தனியாகவும் முதலில் வாங்கியவர் பாட்டு ரசிகர் அல்ல, மைக்செட் கடைக்காரர்.

கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எதற்குப் போனாலும் அவருடைய சாமான்களைப் பிரித்துப் பார்க்கலாம். இசைத்தட்டுச் சுழற்றி ஒரு பெட்டி. அகுஜா போன்ற கம்பெனியின் ஆம்ப்ளிபயர் ஒரு பெட்டி, அது மின்சாரத்திலும் ஓடும், 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். கூம்புக் குழாய்கள் தனி, அவற்றின் பின்னால் முடுக்கும் 'யூனிட்' தனி, மைக் தனி, வயர்ச்சுருள் தனி. பனைமரத்தில் கட்டிய குழாயின் யூனிட் நடு ராத்திரியில் போய்விட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை முடுக்குவார். கொடை நிற்காது. ஒரே பெட்டியாக வைத்திருந்தால் அன்றைய வாடகையும் போயிருக்கும், அடுத்த வருடத்து அழைப்பும் போயிருக்கும். அவர் ஹை-பை என்ற வார்த்தையையே கேட்டிருக்க மாட்டார். தொழில் நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் தனியாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

1976ல் 'அன்னக்கிளி' வந்தபோது அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்தக் குழாய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. குழாயில் கேட்ட பாட்டில் அடித்தொனி ஒன்றுமே இருக்காது. கூம்பின் அமைப்பு அப்படி. அது எட்டத்துக்குக் கேட்கச் செய்வதற்காக ஏற்பட்டது, இனிமைக்காக ஏற்பட்டதல்ல.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் மின்சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல் சத்தம் வரும். கூம்புக் குழாய்க்கு அதே ஒரு வாட் கொடுத்தால் 105 டெசிபலைத் தாண்டும். 20 டெசிபல் வித்தியாசத்தை ஆம்ப்ளிபயரால் ஈடுகட்ட வேண்டுமானால் மின்சக்தி 100 மடங்கு வேண்டும். ஊர் முழுவதும் கேட்ட அந்த ஆம்ப்ளிபயர் வெறும் 30, 40 வாட் என்பது இதனால்தான். இந்தக் கணக்கைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் 'ஆயிரம் வாட்ஸ்' பெட்டிகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சிங்கப்பூர்ப் பெட்டி, துபாய்ப் பெட்டி

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தலைமுறைகளாகக் குடியேறி வாழ்பவர்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் நம் ஊர்ப் பேச்சைத் தெருவிலேயே கேட்கலாம் என்று இருந்த காலம் உண்டு. 1970களில் வளைகுடா நாடுகளும் சேர்ந்துகொண்டன. ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் சேலை, சென்ட், தைலம் ஆகியவற்றோடு கட்டாயம் இருந்த சாமான் ஒன்று உண்டு. அதுதான் 'டூ இன் ஒன்' என்னும் ரேடியோவோடு சேர்ந்த டேப் ரிக்கார்டர். நேஷனல் பானாசோனிக், சான்யோ, ஷார்ப், சோனி என்று பெயர் சொன்னாலே வீட்டுக்கு மதிப்பு.

பிலிப்ஸ் கம்பெனி சின்ன கேசட்டை வெளியிட்டது 1963ல். நம் சாதாரண மக்கள் கைக்கு அது வந்து சேரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. உள்நாட்டில் உற்பத்தி குறைவு, வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் தீர்வையும். ஆகவே கடையில் விலை கேட்டு வாங்கும் பொருளாக இல்லாமல், பயணி கொண்டுவரும் பொருளாகவே இது இருந்தது. விமானத்தில் கையில் தூக்கிவர வேண்டும் என்றால் ஒரே பெட்டியாக, கைப்பிடியோடு இருக்க வேண்டும். ஆம்ப்ளிபயர் ஒன்று, டெக் ஒன்று, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு என்று யாரும் துபாயிலிருந்து சுமந்துவர முடியாது. நம் பகுதி வீடுகளில் 'எல்லாம் ஒன்றில்' பெட்டி வேரூன்றியதற்கு ரசனை காரணமல்ல, சுமை காரணம் என்பது நமது கருத்து.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பெட்டி பெரும்பாலும் அன்பளிப்பு. அன்பளிப்பாக வருகிற சாமானை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, வாட்ஸ் எவ்வளவு என்று கேட்பதுமில்லை. தொழிலுக்கு வாங்குகிறவன்தான் கேட்பான்.

அப்படிக் கேட்டவர்களில் மைக்செட்காரருக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியவர் 'ரிகார்டிங் சென்டர்' வைத்திருந்தவர். 1978ல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இடது காதுக்கு ஒரு வாத்தியம், வலது காதுக்கு ஒரு வாத்தியம் என்று பிரித்துக் கேட்கும் சுகம் மக்களுக்குப் பிடிபடத் தொடங்கிய காலம் அது. பாட்டு வரிசையைத் தாளில் எழுதிக்கொடுத்தால், கடைக்காரர் தன்னிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து 60 நிமிட கேசட்டிலோ 90 நிமிட கேசட்டிலோ பதிவுசெய்து கொடுப்பார். 90 நிமிட கேசட்டில் நாடா மெல்லியதாக இருக்கும், சிக்கிக்கொள்ளும், ஆகவே 60தான் நல்லது என்று அவரே சொல்வார். சட்டப்படி அந்தத் தொழில் சரியா என்றால், இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் நாள் முழுவதும் ஓடும் டெக்குகளை அவர் எப்படி வைத்திருந்தார் என்பது நமக்கு இங்கே பாடம். இசைத்தட்டுச் சுழற்றி தனி, ஆம்ப்ளிபயர் தனி, டெக்குகள் இரண்டோ மூன்றோ. ஒரு டெக்கின் ஹெட் தேய்ந்தால் அது மட்டும் பழுதுக்குப் போகும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்.

உள்நாட்டிலும் தனித்தனிப் பெட்டி செய்த கம்பெனிகள் இல்லாமல் இல்லை. 1970ல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் அதில் ஒன்று. காஸ்மிக் என்ற பெயரும் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் அவை அபூர்வம்.

முத்திரை இல்லாத எடைக்கல்

1980களில் உலகச் சந்தையில் ஒரு தந்திரம் நடந்தது. ஹை-பை அடுக்கின் கவர்ச்சியைப் பார்த்த கம்பெனிகள், அடுக்கு மாதிரியே தோற்றம் தரும் ஒற்றைப் பெட்டிகளைச் செய்து விட்டன. முன்பக்கம் பார்த்தால் டியூனர் ஒரு பெட்டி, ஈக்வலைசர் ஒரு பெட்டி, இரட்டை டெக் ஒரு பெட்டி என்று நான்கு தட்டு தெரியும். பின்பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே பலகை. நான்கு பெட்டி என்பது பிளாஸ்டிக்கில் போட்ட கோடு. தனித்தனிச் செட்டின் தோற்றத்துக்குக் காசு கொடுத்தவர், ஒரே பெட்டியின் பலவீனத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அடுத்து வந்தது வாட்ஸ் கதை. 1991க்குப் பின் இறக்குமதிக் கதவு மெல்லத் திறந்தது. 1994ல் சோனி இந்தியாவில் கம்பெனி தொடங்கியது, 1995ல் சாம்சங், 1997ல் எல்.ஜி. வந்தன. பி.பி.எல்., வீடியோகான், பிலிப்ஸ் எல்லாம் போட்டிக்கு நின்றன. 1992ல் 'ரோஜா' வந்தபின் பாட்டில் அடித்தொனி அதிரவேண்டும் என்று இளைஞர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பெட்டி அதிரும் என்பதற்கு அடையாளமாகக் கம்பெனிகள் காட்டியது பெட்டியின் மேல் ஒட்டிய எண். 400 வாட்ஸ், 1,000 வாட்ஸ், 2,000 வாட்ஸ் என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்றிருக்கும்.

இந்த பி.எம்.பி.ஓ. என்பது என்ன? கண்ணிமைக்கும் நேரத்துக்கு, ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, எல்லா ஸ்பீக்கரின் கணக்கையும் கூட்டிச் சொல்லும் உச்ச எண். அதை அளப்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆயிரமும் இன்னொரு கம்பெனியின் ஆயிரமும் ஒன்றல்ல. நிஜமான அளவு 'ஆர்.எம்.எஸ்.' எனப்படும் தொடர் வாட்ஸ். ஆயிரம் என்று ஒட்டிய பெட்டியில் அது பல சமயம் இருபது, முப்பதுதான் இருக்கும்.

நம் தராசில் முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து வழக்குப் போடுகிறார். பாக்கெட்டில் நிகர எடை குறைந்தால் அபராதம். முன்னே 1976ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அது சரிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துக் கடையில் முப்பது வாட்டை ஆயிரம் வாட் என்று எழுதி விற்றபோது எந்த முத்திரையும் எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் அந்நாட்டு வணிக ஆணையம் 1974லேயே விதி போட்டுவிட்டது: வீட்டு ஆம்ப்ளிபயரின் சக்தியை விளம்பரத்தில் சொன்னால் தொடர்ந்து தரக்கூடிய அளவைத்தான் சொல்ல வேண்டும். அங்கே அடைத்த கதவு இங்கே திறந்தே கிடந்தது.

ஆனாலும் உண்மை எடை பெட்டியிலேயே அச்சாகி இருக்கிறது. பின்பக்கம் ஒட்டிய தகட்டில் வோல்ட் எவ்வளவு, மின்சாரம் எத்தனை வாட் இழுக்கும் என்று போட்டிருக்கும். 60 வாட் இழுக்கிற பெட்டி 1,000 வாட் பாட்டைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. ஒரு மூட்டை நெல் அரைத்து இரண்டு மூட்டை அரிசி எடுக்க முடியாது என்பதைப் போன்ற சங்கதி இது. பழைய வகை ஆம்ப்ளிபயரில் இழுப்பதில் பாதியளவு வெளியே வந்தாலே பெரிது, மீதி சூடாகிப் போகும். இப்போது வரும் 'டி வகுப்பு' ஆம்ப்ளிபயர்களில் சேதாரம் குறைவு, ஆனாலும் இழுப்பதைவிட அதிகம் வராது. பேட்டரியில் ஓடும் பெட்டிகளில் மட்டும் அந்தத் தகடு சார்ஜ் ஏற்றும் கணக்கைச் சொல்லும் என்பதால் அங்கே இந்த வழி செல்லாது. அங்கே ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்டே வாங்க வேண்டும்.

மேலும், வாட்ஸ் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது. 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். 30 வாட் பெட்டிக்கும் 40 வாட் பெட்டிக்கும் ஆயிரக்கணக்கில் கூடுதல் கொடுப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

ஏழைக்கு ஏற்ற அடுக்கு

ஹை-பை வாங்க வசதியில்லாத, ஆனால் ஒரே பெட்டியில் ஏமாறவும் மனமில்லாத ஆட்களுக்கு நம் தமிழ்நாட்டில் ஒரு வழி பிறந்தது. அதுதான் 'அசெம்பிள் செட்'. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிவந்து, ஊரில் ரேடியோ மெக்கானிக் கட்டிக்கொடுக்கும் ஆம்ப்ளிபயர். எல்.ஏ. 4440 என்ற சின்ன ஐ.சி.யை அறியாத மெக்கானிக் தென்மாவட்டங்களில் இருக்க மாட்டார். சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த அது, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஆறாறு வாட் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 19 வாட். டி.டி.ஏ. 2030 என்றொரு ஐ.சி. 14 வாட் கொடுக்கும். எண்ணைக் கேட்டால் சிரிப்பு வரும். கேட்டுப் பார்த்தால் 'ஆயிரம் வாட்ஸ்' பெட்டிக்கு எதுவும் குறையாது. ஏன் என்பது மேலே சொன்ன கணக்கில் இருக்கிறது.

காருக்காகப் பிறந்த ஐ.சி. என்பதால் 12 வோல்ட் பேட்டரியில் அப்படியே ஓடும். வேனிலும் மினி பஸ்ஸிலும் ஓடியது இதனால்தான். 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போது கடையில் பாட்டு நிற்காமல் ஓடியவர்களில் பலர் இந்த அசெம்பிள் செட் வைத்திருந்தவர்களே. சவுண்ட் பெட்டியைத் தச்சர் அடித்துக்கொடுப்பார், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வேண்டுமா பத்து இஞ்சா என்பது நம் இஷ்டம். ஐ.சி. எரிந்தால் மாற்றுச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. இது ஹை-பையின் குணம் முழுவதும் உள்ள சரக்கு. பெயர்தான் இல்லை. மெக்கானிக் இல்லையென்றால் இது நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள், பலர் செல்போன் பழுதுபார்க்கப் போய்விட்டார்கள்.

சாரலுக்குப் பிடிக்காத சாமான்

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து ஆனி, ஆடி, ஆவணியில் குற்றாலத்துக்குச் சாரல் கொடுக்கிறது. பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை கடை போடுகிறவர்களுக்கு அந்த மூன்று மாதம்தான் வருடம். மனிதருக்கு இதமான அந்தச் சாரல், பாட்டுப்பெட்டிக்கு விரோதி. டேப்பின் ரப்பர் பெல்ட் பிசுபிசுக்கும். சத்தம் கூட்டும் திருகில் ஈரமும் தூசியும் சேர்ந்து கரகரக்கும். கேசட் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். சி.டி. லென்ஸில் ஆவி படிந்து பாட்டு தாண்டித் தாண்டி ஓடும். காகிதக் கூம்புள்ள ஸ்பீக்கர் தளர்ந்துவிடும்.

இவற்றில் எது நடந்தாலும் தனித்தனிச் செட் வைத்திருப்பவர் கெட்டதை மட்டும் தூக்கித் தென்காசிக்கு அனுப்புவார். ஒரே பெட்டி வைத்திருப்பவர் மொத்தத்தையும் அனுப்பிவிட்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார். மாடல் நின்றுபோயிருந்தால் உதிரிபாகம் திருநெல்வேலியிலும் கிடைக்காது, மதுரைக்கு எழுதிப்போட வேண்டும். இரண்டு வாரம் போனால் சீசனில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. சிப்ஸ் கடைக்குப் பாட்டு இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். வரிசையாக இருபது கடை ஒரே சிப்ஸை விற்கும் இடத்தில் கூட்டம் எந்த வாசலில் நிற்கிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

பின்பக்கத்து ஓட்டைகள்

இப்படியெல்லாம் சொன்னாலும் சந்தையில் ஜெயித்தது ஒரே பெட்டிதான். 2000க்குப் பின் 'ஹோம் தியேட்டர்' என்று டி.வி.டி.யும் ஆம்ப்ளிபயரும் சேர்ந்த பெட்டி, கூட ஆறு ஸ்பீக்கர். பிறகு டி.வி.க்குக் கீழே வைக்கும் சவுண்ட்பார். பிறகு புளூடூத் பெட்டி, சக்கரம் வைத்த விளக்குப் பெட்டி. நம் கல்லாவில் உட்கார்ந்து 'பணம் பெறப்பட்டது' என்று சொல்லும் டப்பாவையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். இன்று நம் கடைகளில் அதிகம் பேசும் ஸ்பீக்கர் அதுதான்!

2017ல் சரிகம கம்பெனி 'கார்வான்' என்ற பெட்டியைச் சுமார் 6,000 ரூபாய்க்கு விட்டது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போன்ற தோற்றம், உள்ளே 5,000 பாட்டு. தமிழ்ப் பாட்டுகளுடனும் வந்தது. இந்த சரிகம வேறு யாருமல்ல, நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளைக் கல்கத்தா டம்டம்மில் அச்சடித்த அதே கிராமபோன் கம்பெனி. பாட்டைத் தேடத் தெரியாத, செல்போன் பழகாத பெரியவர்கள் பொத்தானை அழுத்தினால் பாட்டு வர வேண்டும் என்று விரும்பினார்கள், அது கிடைத்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்பினார்கள். முன்பு துபாயிலிருந்து வந்த டூ இன் ஒன் போலவே இதுவும் பெரும்பாலும் அன்பளிப்பாகத்தான் வீட்டுக்குள் வந்தது. மேல்நாட்டில் மட்டும் தனித்தனிப் பெட்டிக்கு மறுபடி ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. 2022ல் அமெரிக்காவில் விற்ற எல்.பி. தட்டுகளின் எண்ணிக்கை சி.டி.யை மிஞ்சிவிட்டது.

எனவே ஒரே பெட்டி வாங்காதீர்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள் என்பதே நாம் சொல்வது. மின் தகட்டைப் பற்றிச் சொல்லியாயிற்று. அதைவிட முக்கியம் அங்கே இருக்கும் ஓட்டைகள். 1990களில் வாங்கிய பெட்டியில் 'ஆக்ஸ் இன்' என்று எழுதிய ஓட்டை இருந்தால், கேசட் பகுதி செத்து இருபது வருடம் ஆனாலும் செல்போனையோ நூறு, இருநூறு ரூபாய் புளூடூத் குச்சியையோ அதில் செருகி இன்றைக்கும் பாட்டுக் கேட்கலாம். அந்த ஓட்டை இல்லாத பெட்டியில் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருந்தும் எடைக்குத்தான் போயிருக்கும். ஹோம் தியேட்டர் பெட்டிகள் பல, டி.வி.டி. லென்ஸ் போனதும் மொத்தமாகப் பரணுக்குப் போனது இதே காரணத்தால்தான். ஸ்பீக்கர் வயர் சாதாரணக் கம்பியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா, அல்லது அந்தக் கம்பெனிக்கே உரிய தனி முள் வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாதாரணக் கம்பியானால் நாளை வேறு ஸ்பீக்கர் போடலாம். இந்த இரண்டும் இருக்கிற ஒரே பெட்டி, பாதி தனித்தனிப் பெட்டிக்குச் சமம்.

புளூடூத் பெட்டி வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பற்றிக் கேட்க வேண்டும். மூடி முத்திரையிட்ட லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். மாற்றித் தருவார்களா, என்ன விலை, யார் செய்வார்கள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. மின் இணைப்பில் நேரடியாகவும் ஓடும் மாடல் என்றால் பேட்டரி போனாலும் பெட்டி பிழைக்கும்.

சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குற்றாலத்தில் சீசன் நாளில் நடு ராத்திரியும் கூட்டம் குளிக்கும் என்பது விதிக்கு விலக்கு ஆகாது. கடையில் சினிமாப் பாட்டுப் போடுவதும் பதிப்புரிமைச் சட்டத்தில் பொது நிகழ்த்தலாகக் கருதப்படும், பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகள் அதற்குக் கட்டணம் கேட்கின்றன. லாட்ஜ், ஓட்டல், பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்போர் இதை விசாரித்து வைத்துக்கொள்ளவும்.

சீசனுக்குச் செட் வாங்குகிறவர்கள் ஆனி பிறப்பதற்கு முன்பே வாங்கி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கெடுகிற சாமான் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அடையாளம் காட்டிவிடும். பில்லில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை விழுந்திருக்கிறதா, பழுது பார்க்கும் இடம் தென்காசியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியைச் சாரல் அடிக்கும் வாசலில் வைக்காமல் கல்லாவுக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் வைத்து, ஸ்பீக்கரை மட்டும் வயர் இழுத்து முன்னால் வைக்கலாம். ஸ்பீக்கர் தனியாக வரும் செட்டில்தான் அது முடியும்.